சேந்துகிணற்றுக்கு ஒரு நார்க்கயிறு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் எங்கள் வீடு. கேரளம் என்றாலே மழை என்று நினைக்கிறவர்கள் ஒரு பங்குனி மாதம் இங்கே வந்து பார்க்க வேண்டும். தை மாதம் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் கிழக்குக் காற்றிலேயே பாதி ஈரம் போய்விடும். தமிழ்நாட்டோடு போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் ஆறான சித்தூர்ப் புழைக்கு வர வேண்டும் என்பது டீக்கடையில் எல்லாருக்கும் மனப்பாடம். அதெல்லாம் வயலுக்கு. வீட்டுக்கு இருப்பது கொல்லையில் எட்டடி அகலச் சேந்துகிணறு ஒன்றுதான். கோடை முழுக்க அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

கிணற்றை எட்டிப் பார்த்து "தண்ணி கிடக்குது" என்று சொல்வதை முதலில் விடுங்கள். அளக்க வேண்டும். ஒரு தேங்காய் நார்க்கயிறு போதும். நைலான் வேண்டாம், ஈரம் எதுவரை ஏறியது என்று அதில் தெரியாது. நார்க்கயிற்றை ஒரு நாள் ஊறப்போட்டுக் காயவைத்து, நுனியில் பழைய அரைக்கிலோ படிக்கல்லைக் கட்டுங்கள். கல்லிலிருந்து மேலே அடிக்கு ஒரு சிவப்புத் துணி. முடிச்சுப் போட்டால் கயிறு குறுகிக் கணக்கு தப்பும். கோடைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி கட்டினால் தாராளம். கயிற்றை இறக்கும்போது கல் தரை தட்டியதும் கை லேசாகும். அப்படியே மேலே இழுத்தால் நனைந்த நார் கறுத்து, நனையாதது வெளுத்து, நடுவே கோடு போட்ட மாதிரி தெரியும். அதுவரை உள்ள துணிகளை எண்ணினால் தண்ணீரின் ஆழம்.

அப்புறம் கணக்கு. வட்டக் கிணற்றின் அகலத்தை அடிக்கணக்கில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 22ஆல் பெருக்குங்கள். எங்களுடையது எட்டடி, ஆக ஓரடித் தண்ணீர் ஏறக்குறைய 1,400 லிட்டர். பத்தடிக் கிணறு என்றால் 2,200. சாயங்காலம் கடைசிக் குடம் சேந்தியதும் ஒருமுறை, விடிகாலை முதல் குடத்துக்கு முன் ஒருமுறை அளந்து காலண்டரில் எழுதுங்கள். இடையில் ஏறியது ஊற்றுக் கொடுத்தது. மாசியில் எங்களுக்கு ஓரடி ஏறும். சித்திரையில் அரை அடிதான், அதாவது 700 லிட்டர்.

எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றே ஒன்று: ராத்திரி ஏறியதற்கு மேல் அன்றைக்கு எடுக்கக் கூடாது. பகலில் ஊறுவது மிச்சம். அந்த மிச்சம் கிணற்றிலும் சுற்றியுள்ள பாறை இடுக்கிலும் நின்று வைகாசிக்கு உதவும்.

இதை நான் கற்றது மோட்டாரைக் கருக்கித்தான். மாரியம்மன் நோம்பிக்குச் சொந்தக்காரர்கள் வந்த வாரம், தொட்டி நிறையட்டும் என்று சுவிட்சைப் போட்டுவிட்டுப் பொங்கல் வைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மோட்டார் வெறுங்காற்றை இழுத்துக்கொண்டு கிடக்கிறது, குழாயில் சேறு. "அப்பவே சொன்னேனில்ல அம்மிணி, கிணறு என்ன அண்டாவா?" என்றார் மாமியார். இப்போது காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம், அவ்வளவுதான் ஓடும். மோட்டார்க் குழாயின் அடி நுனியில் இருக்கும் ஃபுட் வால்வைக் கிணற்றுத் தரையிலிருந்து இரண்டடி தூக்கிக் கட்டியிருக்கிறேன். சேறு ஏறாது. கரண்ட் இல்லாத நாளில் வாளிக்கு அந்த இரண்டடி இருக்கும். தொட்டி வழியாமல் இருக்க ஒரு மிதவை சுவிட்சும் போட்டாயிற்று.

வீட்டுக்குள் சிக்கனம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹோஸை எடுத்து ஒளித்துவையுங்கள். ஃபிளஷ் தொட்டிக்குள் மணலும் தண்ணீரும் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை நிறுத்துங்கள். சொட்டுகிற குழாய்க்கடியில் ராத்திரி ஒரு குடம் வைத்து, காலையில் அந்தக் குடத்தை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். வாஷர் அன்றைக்கே மாறிவிடும்.

அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் அலசியது வாழைக்கு, குளித்தது தென்னைக்கு. பிளீச்சிங் கலந்த தண்ணீரை எந்தச் செடிக்கும் விடாதீர்கள். பச்சையாகத் தின்கிற கீரைக்குச் சோப்புத் தண்ணீரும் ஆகாது. கிணற்றடியில் துணி துவைக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அந்த அழுக்கு கிணற்றுக்கேதான் இறங்கும். தென்னம்பாத்தியில் தேங்காய் மட்டையைக் குப்புற, முதுகு மேலே தெரிகிற மாதிரி நெருக்கி அடுக்கினால் அடிமண் ஈரம் பல நாள் காக்கும். எங்கள் நாலு மரத்துக்கும் இதைச் செய்தபின் பாய்ச்சுவது பாதியாகக் குறைந்தது.

தண்ணீர் அடியில் கிடக்கும் சித்திரைதான் தூர் வாரச் சரியான நேரம். ஆனால் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். விளக்கை இறக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம், அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் முழுசாக நம்பிவிடாதீர்கள். பெட்ரோல், டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அந்தப் புகையில் உள்ள விஷம் விளக்குக்குத் தெரியாது, மனிதனைத்தான் எடுக்கும். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர்.

தூர் வாரிய கையோடு கூரைத் தண்ணீரையும் கிணற்றுக்குத் திருப்பிவிடுங்கள். திருச்சூர் மாவட்டத்தில் 2008இல் 'மழப்பொலிமா' என்ற திட்டமாகத் தொடங்கியது இதைத்தான். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். எங்கள் கிணற்றுக்கு அது அரை அடிக்கும் மேல். ஓட்டுக்கூரை விளிம்பில் தண்ணீர் ஓடும் பீலியிலிருந்து ஒரு பிவிசி குழாய், நடுவில் ஜல்லியும் மணலும் கரியும் போட்ட டிரம், மேலே கொசுவலை. முதல் மழை பல்லி எச்சத்தையும் காய்ந்த இலையையும் அடித்துக்கொண்டு வரும். அதனால் குழாய் வளைகிற இடத்து எல்போவை ஒட்டாமல் திருகுகிற மாதிரி விட்டிருக்கிறேன். முதல் இரண்டு மழைக்கு அது வாழைப் பக்கம் பார்த்து நிற்கும், மூன்றாவது மழைக்குக் குடையோடு போய்க் கிணற்றுப் பக்கம் திருப்பிவிட்டு வருவேன்.