ஊர் வரலாறு எழுதப் போகிறீர்களா? எல்லையிலிருந்து தொடங்குங்கள்

கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், பேரூராட்சி விழா மலர் என்று எங்கள் பக்கம் எப்போதும் ஏதாவது ஒன்று அச்சாகிக்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றிலும் ‘ஊர் வரலாறு’ என்று இரண்டு பக்கம் உண்டு. ராமர் ஓர் இரவு தங்கியிருப்பார், கரிகாலன் வந்து போயிருப்பான், மக்கள்தொகை ‘சுமார் இருபதாயிரம்’ என்றிருக்கும். எந்த ஆண்டின் கணக்கு, எந்த எல்லைக்குள் எண்ணியது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். நான் கணக்குப்பிள்ளை வீட்டில் பிறந்தவன். 1980-இல் பரம்பரைக் கர்ணம் வேலையை அரசு ஒழிக்கும் வரை எங்கள் திண்ணையில்தான் ஊர்க் கணக்கு இருந்தது. அதனால் அந்தச் ‘சுமார்’ எனக்கு ஆகாது.

முதல் வேலை, எந்த ஊரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்வது. சிறுநகரத்துக்கு எல்லை ஒன்றல்ல. வருவாய் கிராமத்துக்கு ஓர் எல்லை, பேரூராட்சிக்கு ஓர் எல்லை. பல பேரூராட்சிகளுக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள் அடங்கும். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது நாம் சொல்லும் ஊர் இவை இரண்டிலும் சேராமல் நெடுஞ்சாலை ஓரத்தில் கடை விரித்திருக்கும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசி வரை அதிலேயே நில்லுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பார்க்கக் கேளுங்கள். புல எண் (சர்வே நம்பர்), நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் என்று கட்டம் கட்டமாகப் போகும் பதிவேடு அது. பட்டாதாரர் பெயர்கள் உங்களுக்கு வேண்டாம். அடுத்தவர் சொத்து விவரத்தை மலரில் போட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள். புறம்போக்கு என்று வரும் எண்களை மட்டும் தனியே எழுதுங்கள். ஏரி, வாய்க்கால், மந்தைவெளி, களம், சுடுகாடு, வண்டிப்பாதை என்று குறிப்பு இருக்கும். அந்த எண்களை வரைபடத்தில் வண்ணம் தீட்டிப் பாருங்கள். இன்றைய தார்ச்சாலைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு வண்டிப்பாதை வயல்களின் ஊடே அடுத்த சந்தை ஊரை நோக்கிப் போகும். சாலை போடுவதற்கு முன் ஊரின் முகம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது அங்கே தெரிந்துவிடும். 1980-களில் நிலவுடைமைப் பதிவேடுகளைச் சீரமைத்தபோது பல இடங்களில் புல எண்கள் மாறின. எனவே பழைய பத்திரத்தில் உள்ள எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளாமல், பழைய எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாவட்டம். தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. 1981 மக்கள்தொகைக் கணக்கைத் தஞ்சாவூர் மாவட்டப் புத்தகத்திலும் 2011 கணக்கை நாகப்பட்டினம் மாவட்டப் புத்தகத்திலும் தேட வேண்டும். இன்னும் பின்னால் போனால் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு வந்த டேனிஷ்காரர்கள் 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்கும் வரை அந்த ஊர் அவர்கள் கையில். அந்தக் காலத்துக் காகிதம் கோபன்ஹேகன் வரை போயிருக்கிறது. எல்லா ஊருக்கும் இவ்வளவு அலைச்சல் இல்லை. ஆனால் 2019-இல் மட்டும் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து மாவட்டங்கள் பிறந்திருக்கின்றன. உங்கள் ஊர் எப்போது எதற்குள் இருந்தது என்று நாலு வரி எழுதிக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள்.

இப்போது தலை எண்ணிக்கை. சென்னை மாகாணத்தில் 1871-இலும், பிறகு 1881 தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒரு முறையும் எண்ணினார்கள். 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனதால் இன்று பலரும் எடுத்தாளுவது 2011 கணக்கைத்தான். மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் உங்கள் ஊருக்கு ஒரு வரி இருக்கும்: வீடுகள், ஆண், பெண், ஆறு வயதுக்கு உட்பட்டோர், எழுத்தறிந்தோர், உழவர், விவசாயக் கூலிகள். எழுத்தறிவு விகிதம் போடும்போது மொத்த மக்கள்தொகையால் வகுக்காதீர்கள்; ஏழு வயது நிறைந்தவர்களை மட்டும் வைத்து வகுக்க வேண்டும். ‘கணக்கெடுப்பு நகரம்’ என்று போட்டிருந்தால் அங்கே பேரூராட்சி இருக்கிறது என்று பொருளல்ல. ஐயாயிரம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மையாக வேலை செய்யும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் என்ற மூன்றும் கூடினால் ஊராட்சியையும் அப்படித்தான் எழுதுவார்கள். இன்னொரு குழப்பம்: 2004-இல் பேரூராட்சிகள் பலவற்றைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆக்கி, 2006-இல் பழையபடி மாற்றினார்கள். இடைப்பட்ட காலத்துக் காகிதங்களில் ஊரின் தகுதி வேறாக இருந்தால் மிரள வேண்டாம்.

எண்களை அடுக்கினால் மட்டும் போதாது, கேள்வி கேளுங்கள். 1881-இல் ஊர் சுருங்கியிருந்தால் 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைச் சந்தேகியுங்கள். சேலம் பக்கத்தில் அந்த அடி பலமாக விழுந்தது. 1921-இல் வளராமல் நின்றிருந்தால் 1918 விஷக்காய்ச்சலை நினையுங்கள். பெண்கள் எண்ணிக்கை ஆண்களைவிட மிகுந்திருந்தால் ஆண்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள்: பழைய கணக்கென்றால் இலங்கை, பர்மா, மலாயா, புதியதென்றால் வளைகுடா, திருப்பூர். 2011-இல் ஆயிரம் ஆண்களுக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தில் 1,035 பெண்கள், தருமபுரியில் 946. ஒரே மாநிலத்துக்குள் இவ்வளவு வேறுபாடு. ஊர் திடீரென இரட்டிப்பாகியிருந்தால் பிள்ளைப்பேற்றைக் காரணம் காட்டுவதற்கு முன், அந்தப் பத்தாண்டில் பக்கத்துக் கிராமத்தைப் பேரூராட்சியோடு இணைத்தார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

நில அமைப்பை எழுதும்போது ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்ற தொடரைத் தூக்கி எறியுங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை எடுத்து நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிரம்பி மிகுந்த நீர் கலிங்கு வழியாக எங்கே போகிறது, அடுத்த ஏரி எது, பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலம் எவ்வளவு என்று எழுதினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் கரைமேல் நடந்தால் வரைபடம் சொல்லாததும் தெரியும். மடை திறந்து தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டி யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள்.

கல்வெட்டைக் கடைசியில் வைத்திருக்கிறேன், வேண்டுமென்றேதான். முதலில் அதில் கை வைப்பவர்கள் அரசன் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். சுவரில் எண்ணெயும் மாவும் பூசிப் படிக்காதீர்கள், கல் பாழாகும். பெரும்பாலான கோயில்களுக்குத் தொல்லியல் துறையினர் முன்பே படியெடுத்திருப்பார்கள். ஆண்டறிக்கைகளிலும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலும் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன், ‘திருமன்னி வளர’ என்றால் ராஜேந்திரன். அந்தப் புகழ்ச்சி வரிகளைத் தாண்டிப் போனால் ‘கீழ்பாற்கெல்லை’, ‘தென்பாற்கெல்லை’ என்று நிலத்தின் நான்கு எல்லைகளும் வரும். நமக்கு வேண்டியது அதுதான். அங்கே சொல்லப்படும் வாய்க்காலின் பெயர் உங்கள் புறம்போக்குப் பட்டியலில் இன்றும் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல்லும் பெருமாள் கோயில் நிலத்துக்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல்லும் நட்டிருப்பார்கள். வரப்போரம் மாடு கட்டிக் கிடக்கும் கல்லையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

ஆண்டுக் கணக்கு எளிது. ஆட்சி ஆண்டு என்றால், ராஜராஜன் 985-இல் பட்டமேறியவன், அவனுடைய 15-ஆம் ஆண்டு 999-ஐ ஒட்டி வரும். கி.பி. ஆண்டு காணச் சக ஆண்டோடு 78, வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டோடு 590 கூட்டுங்கள். பிரபவ, விபவ என்று ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். வேறு சான்று இல்லாமல் தேதி போடாதீர்கள்.

பெரியவர்களிடம் ஆண்டு கேட்டால் கிடைக்காது. “77-ஆம் வருஷம் வெள்ளம் வந்தபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ஆத்தா?” என்று கேளுங்கள். “மூத்தவன் கைக்குழந்தை, அப்போது இந்தத் தெருவே இல்லையப்பா” என்று தெருவின் வயதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

எழுதும்போது ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் ஆண்டையும் எல்லையையும் போடுங்கள்: ‘2011, பேரூராட்சி’ என்று. தலபுராணத்தை விட வேண்டாம், விட்டால் ஊரார் விடமாட்டார்கள். ‘தலபுராணம் கூறுவது’ என்று தனித் தலைப்பிட்டுவிடுங்கள். வண்ணம் தீட்டிய வரைபடத்தை அட்டையின் உட்பக்கம் முழு அளவில் அச்சிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் நன்கொடையாளர் படம் போட வேண்டும் என்று விழாக்குழு நிச்சயம் கேட்கும். அவர்களுக்குப் பின் அட்டையைக் கொடுங்கள்.