போட் டீசல் இன்ஜின் தேஞ்சு போச்சா? பிரிச்சு வேலை பார்க்கறதா, புதுசே போடறதா

புகை வருது, காலைல ஸ்டார்ட் ஆக மல்லுக்கட்டுது, ஆயிலும் குடிக்குது. இந்த மூணும் சேர்ந்துட்டா ஒரு மெக்கானிக் "ஃபுல் இன்ஜின் வேலை சார்"ம்பார், இன்னொருத்தர் "இதுல காசைப் போடறதுக்கு புதுசே போட்டுடலாமே"ம்பார். கவனிச்சீங்கன்னா ரெண்டு பேருமே அதுவரைக்கும் ஒரு போல்ட்டைக் கூட கழட்டியிருக்க மாட்டாங்க. புகையைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ப்ளாக்கையும் (சிலிண்டர்கள் இருக்கற இன்ஜின் உடம்பு) கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுத்தற தண்டு) அளந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்கங்கறதுதான் நான் சொல்ல வர்றது, ஏன்னா நானே ஒரு தடவை மாட்டிக்க இருந்தேன்.

என் இன்ஜின் 2800 ஆர்பிஎம் போகணும், 2200க்கு மேல ஏறவே மாட்டேன்னுச்சு, பின்னாடி கன்னங்கரேல்னு புகை. ரிங் (பிஸ்டனைச் சுத்தி இருக்கற வளையம்) போச்சு, ப்ளாக்கையே மாத்தணும்னு கொட்டேஷன் வரைக்கும் வந்துடுச்சு. கடைசில எக்ஸாஸ்ட் எல்போவை, அதாவது புகையோட கடல்தண்ணி கலக்கற அந்த வளைவு பைப்பை கழட்டிப் பார்த்தா, உள்ள கரியும் துருவும் உப்பும் கெட்டியா பிடிச்சு சுண்டுவிரல் கூட நுழையாத ஓட்டைதான் மிச்சம் இருந்துச்சு, இன்ஜின் பாவம் மூச்சு விட முடியாம திணறிட்டு இருந்திருக்கு. எல்போ ஒண்ணு மாத்தினேன், ஆர்பிஎம் ஏறிடுச்சு, புகையும் போயிடுச்சு.

அதனால முதல் வேலை, இன்ஜினுக்கு வெளிய இருக்கற எல்லாத்தையும் சந்தேகப்படறது. ப்ரொப்பெல்லர்ல சிப்பி ஒட்டியிருந்தாலோ, யாரோ பெரிய பிட்ச்ல (இலையோட சாய்வு) ஒண்ணை மாட்டி விட்டிருந்தாலோ இன்ஜின் ஓவர்லோட் ஆகி கருப்பா புகைக்கும். ஏர் ஃபில்டர் அடைச்சாலும் கருப்பு, டர்போ அழுக்கானாலும் கருப்பு. ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகைன்னா டீசல் எரியாம வெளிய வருதுன்னு அர்த்தம், பேட்டரி வீக்கா இருந்து மெதுவா சுத்தினாலே இது வரும், ஸ்டார்ட்டுக்கு முன்னாடி சிலிண்டரைச் சூடாக்கற க்ளோ ப்ளக் போயிருந்தாலும் நாசில் சரியா தெளிக்கலைன்னாலும் வரும். நாசிலை எல்லாம் கழட்டி டெஸ்ட் பெஞ்ச்ல போட்டுப் பார்க்கறது ஒரு நாள் வேலைதான், இன்ஜின் பிரிக்கற செலவோட பார்த்தா ஒண்ணுமே இல்லை. நீலப் புகைதான் உண்மையிலேயே ஆயில் எரியறது, அதுலயும் வால்வு சீல் போயிருக்கலாம், டர்போ சீல் போயிருக்கலாம், ரிங்காத்தான் இருக்கணும்னு இல்லை.

இதெல்லாம் சுத்தம்னு ஆனதுக்கு அப்புறம் அளக்கணும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஃபில்லர் மூடியை எடுத்து தலைகீழா அந்த வாய் மேலயே சும்மா வச்சுப் பாருங்க, லேசா ஆடினா பரவாயில்லை, டப டபன்னு குதிச்சு கீழ விழுந்துச்சுன்னா ரிங் வழியா கேஸ் கீழ இறங்குது. இது வெறும் குறிப்புதான், இதை வச்சு தீர்ப்பு சொல்லக் கூடாது. தீர்ப்புக்கு கம்ப்ரஷன் டெஸ்ட். சின்ன போட் டீசல்கள்ல நல்லா இருக்கற சிலிண்டர் பொதுவா 350லேர்ந்து 450 பிஎஸ்ஐ வரைக்கும் காட்டும், உங்க இன்ஜினோட சரியான நம்பர் ஒர்க்‌ஷாப் மேனுவல்ல இருக்கும், அதைத்தான் நம்பணும். நம்பரை விட முக்கியம் சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம். எல்லாமே ஒரே மாதிரி கொஞ்சம் கம்மின்னா பொதுவான தேய்மானம், மூணு நல்லா இருந்து ஒண்ணு மட்டும் தொங்குதுன்னா அந்த ஒண்ணுல ஏதோ பிரச்சினை, அதுக்காக முழு இன்ஜினையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இங்க ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் இன்ஜின்ல பண்ற மாதிரி சிலிண்டர்ல ஆயில் ஊத்தி மறுபடி கம்ப்ரஷன் பார்க்கலாம்னு சிலர் சொல்லுவாங்க. டீசல்ல அது ஏமாத்தும், ஆபத்தும் கூட. அரை லிட்டர் சிலிண்டர், 20க்கு 1 கம்ப்ரஷன்னு வச்சுக்குங்க, பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்கற இடமே சுமார் 26 மில்லிதான். அதுல ஒரு டீஸ்பூன் ஆயில் ஊத்தினாலே ரிங் நல்லா இருக்கோ இல்லையோ ரீடிங் ஏறிக் காட்டும், கை தவறி நிறைய ஊத்திட்டா பிஸ்டன் முட்டி கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அதுக்கு பதிலா லீக்டவுன் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, பிஸ்டனை மேல நிறுத்தி ரெண்டு வால்வும் மூடியிருக்கும்போது கம்ப்ரஸர் காத்தை உள்ள விட்டு எங்க உஸ்ஸுங்குதுன்னு காது வச்சு கேட்கறது. எக்ஸாஸ்ட் பக்கம் கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம்னா இன்டேக் வால்வு, ஆயில் ஃபில்லர்ல கேட்டா ரிங்கும் லைனரும் (சிலிண்டரோட உள்சுவர்), கூலன்ட் டேங்க்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட் இல்லைன்னா விரிசல். காத்து அழுத்தத்துல இன்ஜின் சட்டுன்னு சுத்தலாம், கையை எடுத்துட்டு பண்ணுங்க.

வால்வு மட்டும்தான்னா ஹெட்டை (ப்ளாக்குக்கு மேல வால்வு இருக்கற மூடி) இறக்கி வால்வு, சீட் வேலை பார்த்து மாட்டினா முடிஞ்சது, இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை.

ஆயில் ப்ரெஷரையும் பாருங்க. டேஷ்போர்டு மீட்டரை நம்பாம ஒரு மெக்கானிக்கல் கேஜை நேரா மாட்டி, இன்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறம் ஐடில்ல பாருங்க, சூட்ல ப்ரெஷர் படுத்துக்குச்சுன்னா பேரிங்கோ ஆயில் பம்ப்போ தேஞ்சிருக்கு. பழைய ஆயிலை லேபுக்கு அனுப்ப முடிஞ்சா இன்னும் நல்லது, இரும்பு அதிகமா இருந்தா லைனர் கிராங்க் பக்கம், குரோமியம்னா ரிங், அலுமினியம்னா பிஸ்டன், ஈயமும் செம்பும்னா பேரிங், சோடியம் கூடியிருந்தா கடல்தண்ணியோ கூலன்ட்டோ ஆயிலுக்குள்ள போயிட்டு இருக்கு. ஒரே ஒரு ரிப்போர்ட்டை விட ரெண்டு மூணு ஆயில் மாத்தினப்போ எடுத்த ரிப்போர்ட்டு சேர்ந்து இருந்தாத்தான் கதை புரியும்.

ரிங்தான்னு உறுதியாச்சுன்னா ஹெட்டைத் தூக்குங்க. சிலிண்டரோட மேல் விளிம்புல நகத்தை வச்சு மேலேர்ந்து கீழ இழுத்துப் பாருங்க, ரிங் போய் நிக்கற இடத்துல ஒரு படி மாதிரி நகம் தட்டும். லேசா தட்டினா கூட சிலிண்டர் விட்டத்தை அளக்கற போர் கேஜ் வச்சு மேல, நடுவுல, அடியில மூணு இடத்துலயும் ரெண்டு திசையிலயும் அளந்து பேப்பர்ல எழுதி வாங்குங்க. எழுதித் தராத ஆள்கிட்ட வேலையைக் கொடுக்காதீங்க, அவ்வளவுதான். படியே இல்லாம சிலிண்டர் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா அது தேய்மானமே இல்லை, லோடு இல்லாம மணிக்கணக்கா ஐடில்ல ஓட்டினதால வந்த பளபளப்பு, ஹோன் பண்ணி (சுவரை லேசா சொரசொரப்பாக்கி) புது ரிங் போட்டா பெரும்பாலும் சரியாயிடும்.

இப்போ பெரிய கேள்வி, ப்ளாக். வெட் லைனர் இன்ஜின்னா, அதாவது வெளிப்பக்கம் கூலன்ட் நேரா தொடற தனி லைனர் இருந்தா, பழைய லைனரை உருவிட்டு புதுசு இறக்கலாம், ரீபில்டுக்கு இதை விட வசதி கிடையாது, லைனர் உட்கார்ற ஓ-ரிங் இடம் மட்டும் அரிக்காம இருக்கணும். ப்ளாக்லயே நேரா போர் பண்ணின இன்ஜின்னா 0.25 இல்லைன்னா 0.50 மிமீ ரீபோர் பண்ணி (சிலிண்டரைக் கடைஞ்சு அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும், அந்த பிஸ்டன் கிடைக்குதான்னு லேத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, போர் பண்ணிட்டு பிஸ்டன் தேடறவங்க கதை ரொம்ப சோகம். கிராங்க்கும் அப்படித்தான், பேரிங் உட்கார்ற ஜர்னல்ல நகம் மாட்டற அளவுக்கு கோடு இருந்தா கிரைண்ட் பண்ணி அண்டர்சைஸ் பேரிங் போடலாம், ஆனா மேல் தோல் மட்டும் கடினப்படுத்தின கிராங்க்குகள்ல கிரைண்ட் பண்ணினா அந்தத் தோலே போயிடும், மறுபடி ஹார்டன் பண்ணணும்.

கடல்தண்ணியே நேரா ப்ளாக்குக்குள்ள சுத்தற இன்ஜின்னா நான் ரீபில்டு பக்கமே போக மாட்டேன். உப்பு படியக் கூடாதுன்னுதான் அதுல தெர்மோஸ்டாட்டையே குறைஞ்ச சூட்டுக்கு, சுமார் 60 டிகிரிக்குள்ள வச்சிருப்பாங்க, அப்படியும் பல வருஷத்துல உள்ள இருக்கற தண்ணி வழி எல்லாம் துருப்பிடிச்சு மெலிஞ்சிருக்கும், புது பிஸ்டன் போட்ட அடுத்த வருஷமே சுவர்ல ஓட்டை விழுந்தா அழறதைத் தவிர வேற வழியில்லை. உள்ள கூலன்ட் சுத்தி, ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல மட்டும் கடல்தண்ணி போற இன்ஜின்னா ப்ளாக் பொதுவா நல்லா இருக்கும். ராடு உடைஞ்சு ப்ளாக்கைக் கிழிச்சிருந்தா யோசிக்கவே வேண்டாம், மாத்துங்க.

ரீபில்டு கணக்கு போடும்போது எல்லாரும் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் செட்னு நிறுத்திடறாங்க. அதோட எஃப்ஐபி பம்ப் (நாசிலுக்கு டீசல் தள்ளற பம்ப்), நாசில், டர்போ, தண்ணி பம்ப் ரெண்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சர், எல்போ, மவுன்டு எல்லாத்தையும் எழுதுங்க, ஏன்னா இன்ஜினுக்கு வயசான மாதிரி அதுக்கும் வயசாகியிருக்கு. இவ்வளவும் சேர்த்து புது இன்ஜின் விலையில மூணுல ரெண்டு பங்கைத் தாண்டிச்சுன்னா நான் புதுசு பக்கம் சாய்வேன், இது என் கணக்கு, சட்டம் இல்லை.

ஆனா புது இன்ஜின் விலைன்னு கடைக்காரர் சொல்றது பாதிதான், மீதி போட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. மவுன்டு இடம் மாறும், அதனால இன்ஜின் உட்கார்ற மேடையை வெட்டி கட்டணும். எக்ஸாஸ்ட் ஹோஸ் சைஸ் மாறும், பேனல் வயரிங், கன்ட்ரோல் கேபிள், டீசல் ரிட்டர்ன் லைன், இன்ஜின் ரூமுக்கு காத்து வர்ற வழி எல்லாம் மாறும். எல்லாத்தையும் விட ப்ரொப்பெல்லர். பழைய இன்ஜின் 3000 ஆர்பிஎம், கியர் 2க்கு 1, ப்ரொப்பெல்லர் சாஃப்ட் 1500ல சுத்துதுன்னு வைங்க. புதுசு 3600, கியர் அதே 2க்கு 1னா சாஃப்ட் 1800, வெறும் 20 சதவீதம்தானேன்னு தோணும், ஆனா ப்ரொப்பெல்லர் கேட்கற பவர் வேகத்தோட கன மடங்குல ஏறும், அதே ப்ரொப்பெல்லரை அந்த வேகத்துல சுத்த 70 சதவீதத்துக்கு மேல கூடுதல் பவர் வேணும். அதனால கியர் ரேஷியோ மாறணும் இல்லைன்னா ப்ரொப்பெல்லர் மாறணும், ரெண்டும் செலவு. புதுசு மாட்டி கடல்ல ஃபுல் த்ராட்டில் கொடுத்தா அது ரேட்டட் ஆர்பிஎம்மை (கம்பெனி குறிச்ச முழு வேகம்) தொடணும், தொடலைன்னா புது இன்ஜினையும் ஓவர்லோட்லயே ஓட்டி சீக்கிரம் கெடுத்துடுவீங்க.

இன்னொண்ணு, புதுசுல நிறைய காமன் ரெயில், அதாவது ரொம்ப அதிக அழுத்தத்துல டீசலைத் தெளிக்கற எலக்ட்ரானிக் சிஸ்டம். புகை கம்மி, சத்தம் கம்மி, டீசலும் கம்மியா குடிக்கும், ஆனா பழைய டேங்க்ல இருக்கற சகதியையும் தண்ணியையும் அது சகிச்சுக்காது, டேங்க் சுத்தம் பண்ற செலவையும் எழுதிக்குங்க. கரையை விட்டு ரொம்ப தூரம் போறவங்க ஸ்பேனரோட நடுக்கடல்ல சரி பண்ற மாதிரி பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினை ஏன் விடாம பிடிச்சிருக்காங்கன்னு எனக்குப் புரியுது.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு, அதே மாடல்ல கம்பெனியோ நல்ல ஒர்க்‌ஷாப்போ ரீகண்டிஷன் பண்ணின இன்ஜின், இல்லைன்னா ஷார்ட் ப்ளாக் (ஹெட் இல்லாம ப்ளாக், கிராங்க், பிஸ்டன் மட்டும் சேர்ந்தது). மவுன்டு, கியர், ப்ரொப்பெல்லர் எதுவும் மாறாது, போட் நிக்கற நாளும் கம்மி, தொழிலுக்கு ஓட்டறவங்களுக்கு இதுதான் பெரும்பாலும் நல்ல கணக்கு. ரெண்டு வருஷத்துல போட்டை வித்துடப் போறீங்கன்னா புது இன்ஜின் போட்ட காசு முழுசா திரும்பி வராது, பத்து வருஷம் வச்சிருக்கப் போறீங்க, பார்ட்ஸும் கிடைக்க மாட்டேங்குதுன்னா பழசோட போராடறதுல அர்த்தமே இல்லை.

எது பண்ணினாலும் சாஃப்ட் அலைன்மென்ட்டை போட் தண்ணில மிதந்து ஒரு நாள் ஆனதுக்கு அப்புறம்தான் பார்க்கணும், கரையில நிக்கும்போது போட்டோட உடம்பு வேற மாதிரி வளைஞ்சிருக்கும். கப்ளிங் ரெண்டு முகத்துக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் விட்டு நாலு பக்கமும் பாருங்க, 4 இன்ச் கப்ளிங்ல 0.1 மிமீக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. ரீபில்டு பண்ணின இன்ஜினை முதல் சில மணி நேரம் ஐடில்ல விட்டு கொஞ்சாதீங்க, மிதமான லோடு கொடுத்து வேகத்தை மாத்தி மாத்தி ஓட்டினாத்தான் ரிங் உட்காரும், முதல் ஆயில் சீக்கிரமே மாத்தணும். புதுசு வாங்கறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்துட்டு போய் ஹேட்ச்சோட அகலத்தை அளந்துட்டு வாங்க, பழைய இன்ஜின் உள்ள போனப்புறம் யாராவது மேல கேபின் கட்டியிருப்பாங்க.