முக ஓவியம் கற்பிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் சமூக மன்றம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்து வருகிறேன். வகுப்பு முடிந்ததும் அழைத்துப்போக வரும் பெற்றோர், பிள்ளை வரைந்த முகத்தைக் கையில் வாங்கியவுடன் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "மூக்கு சரியா வரலையே." மரமும் படகும் கோணலாக இருந்தால் புன்னகைத்துவிட்டுப் போகிறவர்கள்கூட, முகம் என்று வந்துவிட்டால் கண்டிப்பான தேர்வாளர்களாகி, சாயல் இருக்கிறதா என்ற ஒரே அளவுகோலால் படத்தை அளந்துவிடுகிறார்கள். அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு வெவ்வேறு ஓவியப் பாணிகளை அறிமுகப்படுத்த முடியாது. ஏனென்றால் அவற்றில் பல, ஓவியர்கள் சாயலைச் சற்றே தள்ளி வைத்தபோது பிறந்தவை. கீழே வரும் தவறுகளில் சிலவற்றை நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

உரிய வயது வருமுன்பே முகத்தின் அளவுக் கணக்கைச் சொல்லித்தருவதிலிருந்து தொடங்கலாம். வளர்ந்தவரின் தலையில் உச்சிக்கும் தாடைக்கும் ஏறத்தாழ நடுவில் கண்கள் இருக்கின்றன. முகத்தின் அகலம் சுமார் ஐந்து கண்களின் அகலம். காதின் மேல்விளிம்பு புருவத்தின் மட்டத்திலும் கீழ்விளிம்பு மூக்கடியின் மட்டத்திலும் வரும். இவை பயனுள்ள கணக்குகள்தாம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளை ஒரு வட்டம் போட்டு அதிலிருந்தே கைகால்களை இழுப்பதும், ஆறு வயதுப் பிள்ளை கண்களை நெற்றியின் உச்சியில் வைப்பதும் பிழைகள் அல்ல. பேசுவதும் பார்ப்பதும் கண்ணும் வாயுமாக இருக்கையில், எதுவும் செய்யாத நெற்றிக்கு அவ்வளவு இடம் எதற்கு என்பது பிள்ளையின் நியாயம். ஒன்பது, பத்து வயதில், அதாவது தொடக்கநிலை மூன்று அல்லது நான்கில், "இது அம்மா மாதிரி இல்லை" என்று பிள்ளையே சலித்துக்கொள்ளும் நாள் வரும். கணக்கைச் சொல்லித்தர வேண்டிய நாள் அதுதான். அப்போதும் தாளில் குறுக்குக் கோடு போட்டுக் காட்டுவதைவிட, பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து, உச்சியிலிருந்து கண் வரையும் கண்ணிலிருந்து தாடை வரையும் கண்ணாடி முன் நின்று அளந்து பார்க்கச் சொன்னால், அது அவனே கண்டுபிடித்த உண்மையாகிவிடும். பிள்ளை சாயலைத் தேடத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயைக் காட்டி நம் வீடுகளில் ஓவிய வகுப்பை நிறுத்திவிடுகிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பிள்ளையின் தாளில் நாம் கை வைப்பது அடுத்த தவறு. மூக்கை "இப்படிப் போடு" என்று ஒருமுறை வரைந்து காட்டிவிட்டால், அடுத்த ஆறு மாதங்களுக்கு அந்தப் பிள்ளை தாத்தாவுக்கும் தோழிக்கும் தனக்கும் நம்முடைய மூக்கையே வரையும். காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தனித்தாளில் காட்டிவிட்டு, அதை எடுத்து வைத்துவிட வேண்டும்.

கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைய விடுவதும் இதற்கு நெருங்கிய உறவுதான். படம் அசையாது, பேசாது, தட்டையாக இருக்கும். அதைப் பார்த்து வரையும் பிள்ளை விளிம்புகளை நகலெடுக்கப் பழகுகிறதே தவிர, ஒரு மனிதரைப் பார்க்கப் பழகுவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டி கொட்டாவி விடுவார், கண்ணாடியைக் கழற்றுவார், தொலைக்காட்சிப் பக்கம் திரும்புவார். அந்தத் தொந்தரவுதான் பாடம். ஆள் கிடைக்காவிட்டால் கண்ணாடி இருக்கிறது. மாதிரிக்கு ஆள் வைக்கப் பணம் இல்லாததால்தான் ஓவியர் வான்கோ பாரிஸில் இருந்த 1886 முதல் 1888 வரையிலான காலத்தில் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார்.

இனி நிறம். நம் ஊரில் இதைக் கூடுதல் கவனத்தோடு பேச வேண்டியிருக்கிறது. பேஸ்டல் பெட்டியில் உள்ள வெளிர் இளஞ்சிவப்புக் குச்சியைப் பிள்ளைகள் இன்றைக்கும் "தோல் நிறம்" என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் அந்த நிறத்துக்கு இட்டிருந்த "சதை" என்ற பொருள்படும் பெயரை 1962ஆம் ஆண்டிலேயே மாற்றிவிட்டது, வாய்ப்பழக்கம்தான் மாறவில்லை. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் வகுப்பில், மாநிறத்தையும் தாண்டிய கருமை கொண்ட ஒரு தமிழ்ச் சிறுமி தன் முகத்துக்கு அந்தக் குச்சியை எடுத்துத் தீட்டுவதைப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்திருக்கிறேன். அவளைத் திருத்தினால் மனம் புண்படுமோ என்ற தயக்கம் அது. தயங்கியிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். திருத்துவதற்குப் பதிலாக எல்லாரையும் நிறம் கலக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அப்படித்தான் செய்கிறேன். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கை மட்டும் கொடுத்து, அவரவர் புறங்கையின் நிறத்தைக் கலந்து, ஒரு பொட்டு எடுத்துக் கையின் மேலேயே வைத்து ஒப்பிடச் சொல்கிறேன். சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்த ஆரஞ்சில் சிறிது நீலம் விழுந்தால் பழுப்பு வரும். மஞ்சள் கூடினால் சந்தனத்தின் பக்கமும் சிவப்பு கூடினால் செங்கல்லின் பக்கமும் அது சாயும். கருமை வேண்டுமென்று கறுப்பை ஊற்றுவதுதான் இங்கே நடக்கும் பெரும்பிழை. முகம் சாம்பல் பூத்து உயிரற்றுப் போகும். நீலத்தையும் சிவப்பையும் இன்னும் சற்றுக் கூட்டினால் ஒளி குறையாத ஆழ்ந்த பழுப்பு கிடைக்கும். பத்து நிமிடத்தில் மேசை முழுதும் பழுப்பின் பல சாயைகள் பரவிவிடும். நிழல் விழும் இடத்தில் ஊதாவும் காதோரத்தில் சிவப்பும் தெரிவதைப் பிள்ளைகளே காட்டத் தொடங்குவார்கள். 1905இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் மனைவியின் முகத்தை வரைந்தபோது நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு பச்சைப் பட்டையை இழுத்து, ஒளிப்பக்கத்தையும் நிழற்பக்கத்தையும் அதனால் பிரித்தார். முதலில் தன் புறங்கையின் நிறத்தைக் கலந்து பார்த்த பிள்ளைக்குத்தான் அந்தப் பச்சை ஏன் வேடிக்கை இல்லை என்பது விளங்கும்.

பாணிகளைக் கற்பிப்பதில் நடக்கும் தவறு இவை எல்லாவற்றையும்விடப் பெரியது என்பது என் கருத்து. வாரத்துக்கு ஒரு பாணி என்று அட்டவணை போட்டு, இந்த வாரம் பிக்காசோ, அடுத்த வாரம் வான்கோ என்று மாறுவேடப் போட்டி நடத்துவதுபோல் நடத்துகிறோம். அச்சடித்த தாளில் கோணலான கண்ணும் பக்கவாட்டு மூக்கும் தயாராக இருக்கும். பிள்ளை வெட்டி ஒட்டி வண்ணம் தீட்டினால் "கியூபிசம்" முடிந்தது. முகத்தைக் கோணலாக்குவதுதான் கியூபிசம் என்ற எண்ணத்தோடு பிள்ளை வீடு திரும்பும். ஒரே இடத்தில் நின்று பார்த்ததை மட்டும் ஏன் வரைய வேண்டும், சுற்றி வந்து பார்த்ததையெல்லாம் ஒரே தாளில் வைக்க முடியாதா என்ற கேள்வியிலிருந்து அல்லவா பிக்காசோவும் அவருடைய சக ஓவியர் பிராக்கும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? ஆகவே கேள்வியைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். நண்பனை நாற்காலியில் உட்கார வைத்து, முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, கீழே தரையில் அமர்ந்து அண்ணாந்து ஒன்று என மூன்று படங்கள் வரையச் சொல்லி, அவற்றை வெட்டி ஒரே முகமாக்கச் சொன்னால், வருவது அழகாக இல்லாவிட்டாலும் பிள்ளையின் சொந்தமாக இருக்கும். இதற்கு ஒரு வாரம் போதாது, மூன்று வாரங்கள் ஆகும். ஆகட்டும், ஆண்டுக்கு நான்கு பாணிகள் போதும்.

பாணி என்றாலே ஐரோப்பா என்று எண்ணிக்கொள்வதும் நம்மிடையே பரவலாக இருக்கிறது. பாணி என்றால் என்னவென்று விளக்க, நம்மூர் 50 வெள்ளி நோட்டைவிட எளிய கருவி இல்லை. முன்பக்கத்தில் முதல் அதிபர் யூசோப் இஷாக்கின் உருவப்படம். சாயல் பிசகாமல் இருப்பதே அதன் வேலை. பின்பக்கத்தைத் திருப்பினால் சிங்கப்பூர் ஓவியர் சியோங் சூ பியெங் 1978இல் வரைந்த, கருவாடு உலர்த்தும் பெண்கள். நீண்ட கைகளும் நீண்ட கழுத்துமாக இருக்கும் அவர்களைப்போல் யாரும் தெருவில் நடந்து போவதில்லை. ஆனாலும் அந்த உடல்களின் நிதானம் நமக்குத் தெரிந்ததாகவே இருக்கிறது. 1952இல் சென் சொங் சுவீ, சென் வென் ஸி, லியூ காங் ஆகிய ஓவியர்களுடன் பாலித் தீவுக்குப் போய்வந்தவர் சியோங். ஒரே தாளின் இரண்டு பக்கங்களையும் காட்டி, "இவர் ஏன் அப்படி, இவர்கள் ஏன் இப்படி?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எட்டு வயதுப் பிள்ளை சொல்லும் விடை உங்களுக்கே புதிதாக இருக்கக்கூடும்.

வீட்டுப் பூசை அறையையும் மறந்துவிடுகிறோம். தஞ்சாவூர் ஓவியத்தில் உள்ள கண்ணனின் உருண்டை முகத்தையும் அகன்ற கண்களையும் பார்த்துப் பிள்ளை அவனை அடையாளம் காண்பதில்லை. மயிற்பீலியையும் வெண்ணெயையும் பார்த்துக் காண்கிறது. வேலும் மயிலும் இருந்தால் முருகன். சாயல் இல்லாமலேயே ஒருவரை இன்னார் என்று சொல்லும் வழி இது. இதற்கு நேர்மாறாக, 1894இல் அச்சகம் தொடங்கித் தெய்வப் படங்களை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த ரவி வர்மா, ஐரோப்பிய எண்ணெய் ஓவிய முறையில் பயின்று, தேவியருக்கு நாம் பக்கத்து வீட்டில் பார்க்கக்கூடிய பெண்களின் முகத்தைக் கொடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிவிட்டு, பாட்டியின் முகத்தை வரையாமல் பாட்டியை வரையச் சொல்லிப் பாருங்கள். மூக்குக் கண்ணாடி, தைல பாட்டில், ஈரச்சந்தைக்குக் கொண்டுபோகும் தள்ளுபை எல்லாம் தாளில் வந்து இறங்கும்.

கலைக்கூடத்துக்கு அழைத்துப் போவதிலும் தவறு நேர்கிறது. முன்னாள் உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைந்து 2015இல் தேசியக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் மிகப் பெரியது. ஒரே நாளில் முழுவதையும் காட்டிவிட முயன்றால் பிள்ளைக்குக் கால்வலிதான் நினைவில் இருக்கும். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம் என்பதால் மீண்டும் மீண்டும் போகலாம். ஒரு நாளுக்கு இரண்டு படங்கள் போதும். ஓவியர் ஜார்ஜெட் சென் 1946 வாக்கில் வரைந்த தன்னுருவ ஓவியம் அதன் சேகரிப்பில் உள்ளது. ஏ4 தாளைவிடச் சிறிய அந்தப் படம், பெரிய தாளைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்குத் துணிவு தரும். ஓவியர் சுவா மியா தீ 1959இல் வரைந்த "தேசிய மொழி வகுப்பு" என்ற படத்தையும் தேடிப் பார்க்கலாம். காட்சிக்கு வைக்கும் படங்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஆதலால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. பென்சிலும் சிறு குறிப்பேடும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சுப்பொறியில் போடும், சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் நீர்வண்ணம் பட்டால் தாள் நெளிந்து, பிள்ளை தன் கையைத்தான் குறைசொல்லிக்கொள்ளும். 200 கிராமுக்குக் குறையாத தாள் வேண்டும், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் கிடைக்கும். மெல்லிய தூரிகையை முதலில் கொடுத்தால் பிள்ளை கோட்டுக்குள் நிரப்பத் தொடங்கிவிடும். அகன்ற தட்டைத் தூரிகையிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் வண்ணம் எளிதில் உலர்வதில்லை. கன்னம் உலர்வதற்குள் கண்ணைத் தீட்டினால் கண் கரைந்து வழியும். உலரும் வரை தலைமுடியையோ சட்டையையோ தீட்டச் சொல்லலாம். அழிப்பானை மேசையிலிருந்து எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

மேலே குறிப்பிட்ட சுவா மியா தீயின் படத்தில் பல இனத்தவர் ஒரு மேசையைச் சுற்றி மலாய் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கரும்பலகையில் இரண்டு கேள்விகள் எழுதப்பட்டுள்ளன. உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? இப்போது என் வகுப்பில் எதிரே அமர்பவரிடம் இந்த இரண்டையும் கேட்டு விடை பெறும் வரை எந்தப் பிள்ளையும் பென்சிலைத் தொடுவதில்லை. சென்ற மாதம் ஒரு சிறுவன் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டான்: "நீங்க எப்பவும் இப்படித்தான் உட்காருவீங்களா?"