கலப்புத் துணி ஆடைக்கு எச்.எஸ். கோடு: லேபிளின் பெரிய எண்ணை நம்ப வேண்டாம்

எச்.எஸ். கோடு என்பது சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்; அதன் முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், முதல் நான்கு இலக்கம் தலைப்பு. 48% பருத்தி, 47% பாலியஸ்டர், 5% ஸ்பான்டெக்ஸ் (இழுத்தால் நீளும் செயற்கை இழை). இப்படி லேபிள் உள்ள டி-ஷர்ட்டுக்குப் பருத்திதானே அதிகம் என்று 6109.10 போட்டால் தவறு. அது பிற இழைகளுக்கான 6109.90க்குப் போகும். காரணம் படி 3இல். அதற்கு முன் இரண்டு கேள்விகளை முடிக்க வேண்டும்; புதிதாக இறக்குமதி செய்பவர்கள் பெரும்பாலும் அவற்றைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

மேசையில் இருக்க வேண்டியவை: ஒரு சாம்பிள், துணி ஆலையின் இழைச் சோதனை அறிக்கை (எடைச் சதவீதத்தில்), கோட்டிங், லைனிங் பற்றிய விவரம். துணியைக் கொளுத்தி மோந்து பார்ப்பது இங்கே உதவாது. அதில் பாலியஸ்டர் இருப்பது தெரியும், எவ்வளவு என்று தெரியாது. ஆய்வகத்தில் 75% கந்தக அமிலத்தில் பருத்தியைக் கரைத்து, மிஞ்சும் பாலியஸ்டரை எடை போடுகிறார்கள்.

படி 1: இது ஜவுளி ஆடைதானா?

தோல் ஜாக்கெட் 4203. உள்ளே விலங்கு ரோமத் தோல் லைனிங் இருந்தாலோ, வெளியே வெறும் அலங்காரத்துக்கு மேல் ரோமத் தோல் இருந்தாலோ 4303. துணியே இல்லாத பிளாஸ்டிக் ஷீட் மழைக்கோட்டு 3926.

நெய்த துணியின் மேல் பிளாஸ்டிக் பூச்சு கண்ணுக்குத் தெரிந்தால் ஆடை 6210க்குப் போகும். பின்னல் துணியானால் 6113. பூச்சால் நிறம் மாறியது மட்டும் கணக்கில் வராது. மழை ஜாக்கெட்டை வழக்கமான ஜாக்கெட் தலைப்பில் போட்டுவிடுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

படி 2: பின்னலா, நெசவா?

பின்னலாடை 61ஆம் அத்தியாயம், நெய்த துணி 62. லென்ஸில் பாருங்கள்: கண்ணி கண்ணியாகக் கோத்திருந்தால் பின்னல், பாவும் ஊடும் குறுக்கே போனால் நெசவு.

உடல் நெய்த துணி, கை பின்னல் துணி என்றால் ஆடைக்கு அதன் தன்மையைத் தருவது எந்தப் பகுதி என்று பார்க்க வேண்டும். இரண்டும் சமம் என்றே பட்டால், எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பு. முடிவான பகுதியின் இழையை மட்டுமே அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டும். சாதாரண லைனிங், தையல் நூல், பட்டன் எதுவும் கணக்கில் சேராது. சப்ளையர் சில நேரம் லைனிங், உள்ளே அடைத்த பஞ்சு எல்லாம் சேர்த்து மொத்தச் சதவீதம் அனுப்புவார். அதை வாங்கிக்கொள்ளாமல் வெளித்துணிக்குத் தனி அறிக்கை கேளுங்கள்.

படி 3: எந்த இழை?

எடையில் எந்த இழை மேலோங்குகிறதோ அதுவே என்று விதி சொல்கிறது. ஆனால் இழைகளைத் தனித்தனியாக ஒப்பிடக் கூடாது. முதலில் அத்தியாய வாரியாகக் கூட்ட வேண்டும். பட்டு 50, கம்பளி 51, பருத்தி 52, லினன், சணல் போன்றவை 53, செயற்கை நீளிழை (அறுபடாத நீள இழை) 54, செயற்கைக் குற்றிழை (சிறு நீளங்களாக வெட்டியது) 55. வேறொரு அத்தியாயத்தோடு மோதும்போது 54, 55 இரண்டும் ஒரே அத்தியாயமாகக் கருதப்படும். சூட்சுமம் இதில்தான்.

நம் டி-ஷர்ட்டில் பாலியஸ்டர் 47, ஸ்பான்டெக்ஸ் 5, ஆக 52. பருத்தியின் 48 தோற்றுவிட்டது.

இன்னொன்று: 40% பருத்தி, 35% விஸ்கோஸ், 25% பாலியஸ்டர் கலந்த நெய்த துணி. விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழை; அதுவும் பாலியஸ்டரும் சேர்ந்து 60. பருத்தி விலகிய பிறகு, அந்த 60க்குள் விஸ்கோஸ் ஜெயிக்கிறது. ஆண்கள் சட்டையானால் 6205.30, அங்கே விஸ்கோஸ், பாலியஸ்டர் இரண்டுக்கும் ஒரே கோடுதான். அதே துணியில் ஆண்கள் பேன்ட் தைத்தால் 6203.49, ஏனெனில் 6203.43 பாலியஸ்டர் வகைக்கு மட்டுமே உரியது. விஸ்கோஸ் அதில் சேராது.

சரிபாதி 50:50 என்றால் எண் வரிசையில் பின்னால் வருவது வெல்லும்: பருத்தி–பாலியஸ்டரில் பாலியஸ்டர்.

படி 4: யாருக்கு?

முன்பக்கம் திறக்கும் ஆடையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் மூடினால் ஆண்கள். வலப்பக்கம் மேலே வந்தால் பெண்கள். தீர்மானிக்கவே முடியாவிட்டால் பெண்கள் தலைப்பு. 86 செ.மீ. உயரத்துக்கு மேற்படாத குழந்தைகளின் உடைக்கு 6111 அல்லது 6209 முந்திக்கொள்ளும். டி-ஷர்ட்டுக்கு இந்தத் தலைவலி இல்லை, 6109இல் ஆண், பெண் பிரிவே கிடையாது.

டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸும் ஒரே பையில் வந்தாலும் பொதுவாகத் தனித்தனிக் கோடு. சூட், பைஜாமா போன்று அட்டவணையே சேர்த்துச் சொன்னவை விதிவிலக்கு.

படி 5: பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்)

ஆறு இலக்கம் வரை உலகப் பொது. இந்திய அட்டவணையில் எட்டு இலக்கம் வரை இறங்க வேண்டும். பல ஆடைகளுக்கு அடிப்படை வரி 'இத்தனை சதவீதம் அல்லது பீஸுக்கு இத்தனை ரூபாய், எது அதிகமோ அது' என்று இருக்கும். மலிவு விலைச் சரக்கில் ரூபாய்க் கணக்குதான் கடிக்கும், எனவே பீஸ் எண்ணிக்கை பிசகக் கூடாது. 22 செப்டம்பர் 2025 முதல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கும் விதிக்கப்படும் ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) பீஸ் 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%.

மதிப்பீடு இறக்குமதியாளரே செய்வது. சந்தேகம் வந்தால் அதிகாரிகள் சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதுவரை சரக்கு நின்றால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். விவரம் பொய் என்று முடிவானால் சுங்கச் சட்டம் 111(எம்) பிரிவின்படி பறிமுதல் வரை போகலாம். குழப்பமான மாடலைத் தொடர்ந்து கொண்டுவரப் போகிறீர்கள் என்றால், டெல்லியிலோ மும்பையிலோ உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் சரக்கு கிளம்பும் முன்பே விண்ணப்பியுங்கள்.

இன்வாய்ஸில் வெறுமனே 'காட்டன் பிளெண்ட் ஷர்ட்' என்று எழுதவிடாதீர்கள். 'ஆண்கள் முழுக்கைச் சட்டை, நெய்த துணி, கோட்டிங் இல்லை, எடையில் 40% பருத்தி, 35% விஸ்கோஸ், 25% பாலியஸ்டர், 600 பீஸ்' என்ற அளவுக்கு வரி முழுமையாக இருக்க வேண்டும்.