குளிரில் கேன் அடுப்பு மினுக்கினால்

ஜனவரியில் ஊட்டிப் பக்கம் கேம்பர் வேனில் தங்கினோம். விடிகாலை டீ போடலாமென்று கேன் அடுப்பை (பக்கத்தில் சின்ன கேஸ் கேன் மாட்டும் அடுப்பு) பற்றவைத்தால், தீ அகல்விளக்கு மாதிரி மினுக்கியது. கேஸ் தீரவில்லை, குலுக்கினால் உள்ளே தளும்பியது. இந்தக் கேன்களில் பெரும்பாலும் திரவமாக அடைத்த பியூட்டேன் கேஸ்தான். 0 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தால் சரியாக ஆவியாகாது. கேனைக் கழற்றி 10 நிமிடம் ஸ்வெட்டருக்குள் அணைத்து வைத்துக்கொண்டேன்; உடம்புச் சூடே போதும், தீ நிமிர்ந்துவிட்டது. நெருப்பில் காட்டிவிடாதீர்கள், வெடிக்கும். அகலமான தோசைக்கல்லும் அதே ஆபத்துதான்: கேன் இருக்கும் பக்கம் நீட்டிக்கொண்டு, சூட்டையெல்லாம் அதன் தலையில் இறக்கும். (தோசை ஆசை வீட்டோடு இருக்கட்டும்.) சமைக்கும்போது எவ்வளவு குளிரடித்தாலும் இரண்டு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு எரியும்போது வரக்கூடிய விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிர்காய அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது.