ஏஜென்ட்டிடம் "பிசிக்ஸ் போடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்

யூனிட்டி என்ற கேம் எஞ்சினின் சீன் ஒன்றில் மரப்பெட்டி, பீப்பாய், லிஃப்ட், பந்து எல்லாம் வைத்துவிட்டு, "எல்லாவற்றுக்கும் பிசிக்ஸ் சேர்" என்று ஏஐ ஏஜென்ட்டிடம் சொன்னால் மறுபேச்சில்லாமல் சேர்த்துவிடும். தரைக்கும் சேர்த்து ரிஜிட்பாடி (பொருளை ஈர்ப்புக்கும் விசைக்கும் கட்டுப்பட வைக்கும் பகுதி) மாட்டிவிட்டதென்றால், பிளே அழுத்தியதும் முதலில் விழுவது தரைதான். எதை யார் நகர்த்தப்போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஏஜென்ட் யூனிட்டி எடிட்டருக்குள் கைவைக்க எம்சிபி (ஏஐ பிற மென்பொருளோடு பேசும் பொது முறை) இணைப்பு தரும் பேக்கேஜ் ஒன்று வேண்டும். அதை நிறுவுவது பெரிய வேலையில்லை. நிறுவியதும் கிட்டில் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ஒரு கமிட் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

நான் முதலில் கேட்பது இதுதான்: "சீனில் உள்ள பொருள்களைப் பட்டியலிடு. ஒவ்வொன்றிலும் இப்போது என்ன கொலைடர், என்ன ரிஜிட்பாடி இருக்கிறது என்று எழுது. எதையும் மாற்றாதே." கொலைடர் என்பது மோதலைக் கணக்கிட உதவும், கண்ணுக்குத் தெரியாத வடிவம். பட்டியல் வந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நானே குறித்துக்கொடுக்கிறேன். எப்போதும் அசையாதது என்றால் கொலைடர் மட்டும். மோதினால் உருள வேண்டியது என்றால் கொலைடரும் ரிஜிட்பாடியும். லிஃப்ட் மாதிரி ஸ்கிரிப்ட் நகர்த்துவது என்றால் ரிஜிட்பாடியில் கைனமாட்டிக் ஆன், அதாவது விசைகள் அதை அசைக்காது. இதை மட்டும் ஏஜென்ட்டின் ஊகத்துக்கு நான் விடுவதே இல்லை.

அடுத்தது அளவு. யூனிட்டியின் ஈர்ப்பில் விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.81 மீட்டர் கூடும், ஒரு யூனிட் என்பது ஒரு மீட்டர். "அடிப்பக்கம் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி ஒரு பெட்டியை வைத்து விழவிடு, தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கன்சோலில் எழுது" என்று சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரு வினாடி வர வேண்டும். நேரம் சரியாக வந்தும் உங்கள் பீப்பாய் நிலவில் விழுவதுபோல் மிதந்தால், மாடலைப் பெரிதாக இறக்குமதி செய்திருக்கிறீர்கள். ஏஜென்ட்டிடம் "மெதுவாக விழுகிறது" என்று புகார் சொன்னால் மாஸை (நிறையை) கூட்டிவிட்டு "சரிசெய்துவிட்டேன்" என்று சொல்லக்கூடும். மாஸைக் கூட்டினால் எதுவும் வேகமாக விழாது. கலிலியோ காலத்துச் சங்கதி. மாடலின் அளவைத் திருத்தச் சொல்லுங்கள்.

கொலைடருக்கு வருவோம். ஏஜென்ட்டைச் சும்மா விட்டால், மாடலின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும் மெஷ் கொலைடர் பக்கம் போகக்கூடும். கான்வெக்ஸ் (குழியில்லாத வடிவம்) டிக் போடாத மெஷ் கொலைடரை, கைனமாட்டிக் அல்லாத ரிஜிட்பாடியோடு யூனிட்டி ஏற்காது. கான்வெக்ஸ் போட்டால் 255 முக்கோணங்கள்தான் எல்லை, குழிகளும் மூடிக்கொள்ளும். வாளிக்குள் பந்து போகாது. "பாக்ஸ், ஸ்பியர், கேப்ஸ்யூல் மூன்றில் முடியாவிட்டால் மட்டும் மெஷ்" என்று முன்பே சொல்லுங்கள். வாளி மாதிரியான வடிவங்களுக்குப் பல பாக்ஸ் கொலைடர்களைச் சைல்டுகளாக (உள்ளடங்கிய துணைப் பொருள்களாக) வைத்து, ரிஜிட்பாடியை அவற்றைத் தாங்கும் பேரன்ட்டில் ஒன்று மட்டும் வைக்கச் சொல்லுங்கள். சைல்டு ஒவ்வொன்றிலும் ரிஜிட்பாடி போட்டால் வாளி துண்டு துண்டாகச் சிதறும்.

வேகமான பொருள் சுவரைத் துளைத்துப் போவதற்குக் கணக்கு இருக்கிறது. பிசிக்ஸ் இயல்பாக 0.02 வினாடிக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு அப்படி ஓடும் ஒவ்வொரு முறைக்கும் 1 மீட்டர் தாண்டும். சுவரின் கனம் 0.2 மீட்டர் என்றால், இப்பக்கம் இருந்தது அடுத்த நொடித்துளியில் அப்பக்கம் நிற்கும். குண்டின் கொலிஷன் டிடெக்‌ஷனை டிஸ்க்ரீட்டிலிருந்து, இடைப்பட்ட பாதையையும் பார்க்கும் கன்டினியுவஸ் டைனமிக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். எல்லாப் பொருளுக்கும் வேண்டாம், சுமை கூடும்.

பந்து குதிப்பதிலும் ஒரு சூட்சுமம். பந்தின் பிசிக்ஸ் மெட்டீரியலில் பவுன்சினஸ் (துள்ளும் தன்மை) 0.8 என்று வைத்தும் மந்தமாகக் குதிக்கும். தரைக்கு மெட்டீரியல் இல்லை, அதாவது 0. இரண்டு மதிப்புகளையும் சேர்க்கும் இயல்பான கம்பைன் முறை ஆவரேஜ் என்பதால் கிடைப்பது 0.4. பந்தின் பவுன்ஸ் கம்பைனை மேக்சிமம் ஆக்கினால் போதும்.

ஏஜென்ட் எழுதும் ஸ்கிரிப்ட்டில் இரண்டு இடங்களைக் கண்ணால் பாருங்கள். ரிஜிட்பாடி உள்ள பொருளை டிரான்ஸ்ஃபார்ம் பொசிஷன் மூலம் நகர்த்தியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். விசை கொடுப்பதும் மூவ்பொசிஷனும் ஃபிக்ஸ்டு அப்டேட்டுக்குள் (பிசிக்ஸ் ஓடும் ஒவ்வொரு முறையும் இயங்கும் பகுதி) இருக்க வேண்டும். அப்புறம், யூனிட்டி 6-இல் வெலாசிட்டி என்பது லீனியர் வெலாசிட்டி ஆகிவிட்டது, டிராக் என்பது லீனியர் டேம்பிங். ஏஐ மாடல்கள் பழைய கோடை நிறையப் படித்தவை, பழைய பெயரையே எழுதக்கூடும். எந்தப் பதிப்பு என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, எல்லாம் சரியாக ஓடினால் உடனே நம்பிவிடாதீர்கள். பிளே மோடில் இருக்கும்போது ஏஜென்ட் மாற்றிய மதிப்புகள் நிறுத்தியதும் காணாமல் போகும். சீனில் உள்ள ஒரு பீப்பாயில் மட்டும் ரிஜிட்பாடி சேர்த்துவிட்டு, பிரீஃபேபை (பீப்பாய்களை உருவாக்கும் மூல அச்சை) தொடாமல் விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. பிளேயை நிறுத்திவிட்டு, புதிதாக ஒரு பீப்பாயைப் பிரீஃபேபிலிருந்து இழுத்துப் போட்டு ஓட்டுங்கள். அது உருண்டால் கமிட் போடலாம்.