கோஹாவில் பிரதி எண் போடுவது: மூன்று படிப்பகம், ஒரே கேட்டலாக்

அம்பாசமுத்திரம் (அம்பை), கல்லிடைக்குறிச்சி (கல்லிடை), விக்கிரமசிங்கபுரம் (வி.கே.புரம்). மூன்று ஊரில் மூன்று சின்னப் படிப்பகங்கள், மூன்றுக்கும் சேர்த்து ஒரே கோஹா (நூலக நிர்வாக மென்பொருள்). புத்தகங்களையெல்லாம் ஏற்றி முடித்து மூச்சு விட்ட பிறகுதான் பார்த்தேன், பிரதி எண் (ஒரே புத்தகம் பல இருந்தால் இது எத்தனையாவது என்று சொல்லும் எண்) கட்டம் முக்கால்வாசி காலி. இரண்டு தடவை போட்டு இரண்டு தடவை அழித்தேன். மூன்றாவது தடவை நின்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். லாகின் செய்வது, புத்தகம் ஏற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எது பிரதி, எது பிரதி இல்லை என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். கோஹாவில் நூல் விவரம் ஒரு பதிவு. அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு புத்தகமும் அதன் கீழ் ஓர் ஐட்டம். அதே பதிப்பின் மறு அச்சு என்றால் பிரதிதான், ஏற்கெனவே இருக்கும் பதிவிலேயே ஐட்டமாகச் சேருங்கள். திருத்திய பதிப்பு என்றால் தனிப் பதிவு. பரிமேலழகர் உரையும் மு.வ. உரையும் இரண்டுமே திருக்குறள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று பிரதி ஆகாது. எங்கள் கேட்டலாக்கில் அப்படித்தான் ஒரே பதிவின் கீழ் கிடந்தன.

பிரதி எண்ணும் பார்கோடும் ஒரே வேலை செய்வதில்லை. மூன்று கிளையிலும் சேர்த்து ஒரு பார்கோடு ஒரு தடவைதான் வரலாம். இரண்டாவது தடவை அடித்தால் கோஹா ஏற்காது. பிரதி எண்ணை அது கண்டுகொள்ளவே செய்யாது. பத்துப் புத்தகத்துக்கும் 1 என்று போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். அது அலமாரி முன்னால் நிற்கிற ஆளுக்கான எண். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் தன் கோலன் பகுப்பு முறையில் நூல் எண்ணுக்குள்ளேயே, அரைப்புள்ளி வைத்து, பிரதிக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார். அது வந்தது 1933இல். அப்போது பார்கோடே கிடையாது.

நான் இடறி விழுந்த இடம் இதுதான்: எண்ணை மூன்று கிளைக்கும் சேர்த்து ஓட்டுவதா, கிளைவாரியாக ஓட்டுவதா?

கேட்டலாக் ஒன்றுதானே என்று 1 முதல் 8 வரை சேர்த்தே ஓட்டினேன். திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த இருப்புச் சரிபார்ப்பில் அம்பையிலிருந்து போன். "அண்ணாச்சி, ஒண்ணு, ரெண்டு, மூணு இருக்கு. அதுக்கப்புறம் எட்டுதான் இருக்கு. நடுவுல நாலைக் காணோம். யாரோ தூக்கிட்டுப் போய்ட்டாவ போல." யாரும் தூக்கவில்லை. நான்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி அலமாரியில் இருந்தன. தம்பி அரை நாள் தேடியிருக்கிறான்.

அதனால் கிளைவாரியாகவே ஓட்டுங்கள். அம்பையில் 1, 2, 3. கல்லிடையில் மறுபடியும் 1, 2. போனில் பேசும்போது "கல்லிடை ரெண்டு" என்றால் குழப்பமே இல்லை.

ஒரே ஒரு புத்தகம் என்றால் வேலை சுலபம். பதிவைத் திறந்து 'எடிட் ஐட்டம்ஸ்' போங்கள். அந்தக் கிளையில் கடைசி எண் என்ன என்று மேலே உள்ள பட்டியலில் பார்த்துவிட்டு, அடுத்த எண்ணை 'காப்பி நம்பர்' கட்டத்தில் அடித்துச் சேமியுங்கள். வெறும் எண் போதும். ஒருத்தர் 'பிரதி 2', இன்னொருத்தர் '02' என்று அடித்தால் பிறகு தேடுவது பெரும்பாடு. கட்டமே தெரியவில்லை என்றால் ஃப்ரேம்வொர்க்கில் (எந்தெந்தக் கட்டம் தெரியும் என்ற அமைப்பில்) மறைத்து வைத்திருப்பார்கள், உங்கள் அட்மினிடம் கேளுங்கள்.

மொத்தமாகப் போட வேண்டுமென்றால் 'ரிப்போர்ட்ஸ்' வழியாக பிப்லியோ நம்பர் (பதிவின் எண்), ஹோம் லைப்ரரி (புத்தகம் எந்தக் கிளைக்குச் சொந்தம் என்பது), பார்கோடு மூன்றையும் சிஎஸ்வியாக (அட்டவணைக் கோப்பாக) இறக்குங்கள். 'கரண்ட் லைப்ரரி'யை (புத்தகம் இப்போது இருக்கும் கிளையை) எடுத்துவிடாதீர்கள். நான் முதலில் அதைத்தான் எடுத்தேன், இரவலாக வி.கே.புரம் போயிருந்த அம்பைப் புத்தகத்துக்கெல்லாம் வி.கே.புரம் எண் விழுந்துவிட்டது.

கோப்பை லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் திறங்கள். எக்செல் வேண்டாம் என்பது என் கட்சி. எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்தால் 000412 என்ற பார்கோடு 412 ஆகிவிடும். கால்க் திறக்கும்போதே எந்தப் பத்தி என்ன வகை என்று கேட்கும். பார்கோடு பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள்.

இனி வரிசைப்படுத்துங்கள்: முதலில் பிப்லியோ நம்பர், அடுத்து கிளை, அடுத்து பார்கோடு. எங்களுக்கு அக்சஷன் நம்பர்தான் (புத்தகம் வந்த வரிசையில் கொடுக்கும் எண்) பார்கோடு, அதனால் முதலில் வந்த புத்தகத்துக்கே 1 கிடைக்கும். நான்காவது பத்தியில் கவுண்ட்இஃப்ஸ் சூத்திரம்: முதல் வரியிலிருந்து இந்த வரி வரை, இதே பிப்லியோ நம்பரும் இதே கிளையும் எத்தனை தடவை வந்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். வீச்சின் தொடக்கக் கட்டத்துக்கு மட்டும் டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள், முடிவுக் கட்டத்தைப் பூட்டாதீர்கள். இரண்டையும் பூட்டினால் மூன்று பிரதிக்கும் 3, 3, 3 என்றே வரும். எனக்கு வந்தது.

எண்களைத் திரும்ப ஏற்றுவதில் ஒரு சின்ன உபாயம். 'பேட்ச் ஐட்டம் மாடிஃபிகேஷன்' ஒரு தடவைக்கு ஒரே மதிப்பைத்தான் எல்லாவற்றுக்கும் போடும். அதனால் எண் 1 வந்த பார்கோடுகளையெல்லாம் ஒன்றாக ஒட்டி, காப்பி நம்பரில் 1 கொடுங்கள். அடுத்து 2, அடுத்து 3. எங்களுக்கு ஐந்து சுற்றில் முடிந்தது. முதலில் பத்துப் பார்கோடு மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள்.

முதுகு லேபிளில் கால் நம்பருக்கு (அலமாரியில் இடம் காட்டும் எண்) கீழே, கடைசி வரியில் பிரதி எண். தலைப்புப் பக்கத்தின் பின்புறமும் பென்சிலில் எழுதிவிடுங்கள். லேபிள் மேல் செலோடேப் ஒட்டாதீர்கள். நம்ம ஊர் வெயிலுக்கு மஞ்சளாகி, பசை இளகி, பக்கத்துப் புத்தகத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

கழித்த புத்தகத்தின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைந்து ஊறிப்போயின. அவற்றை ஐட்டத்தோடு அழிக்காமல் 'வித்ட்ரான்' என்று குறித்தோம். பிரதி 2 போய்விட்டதா, போகட்டும். அடுத்து வருவது 4தான். நடுவில் ஓர் எண் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று பதிவே சொல்லிவிடும். ஆனால் மேலே சொன்ன சூத்திரத்துக்கு இது தெரியாது. கழித்த வரிகளையும் சேர்த்தே இறக்கினால்தான் எண்ணிக்கை சரியாக வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுத் தென்காசிப் பக்கம் ஓர் அக்கா கேட்டார்கள், நான்கு தொகுதிகளை ஒரே பதிவில் வைத்திருக்கிறோம், சூத்திரம் அவற்றுக்கு 1, 2, 3, 4 என்று பிரதி எண் போட்டுவிட்டதே என்று. நியாயமான கேள்வி, எனக்குத் தோன்றவில்லை. தொகுதி எண்ணை 'சீரியல் எனுமரேஷன்' கட்டத்தில் போடுங்கள். அந்தப் பத்தியையும் சிஎஸ்வியில் சேர்த்து, வரிசைப்படுத்தும்போது கிளைக்கு அடுத்ததாக வைத்து, கவுண்ட்இஃப்ஸில் மூன்றாவது நிபந்தனையாகக் கொடுங்கள். தொகுதி இல்லாத புத்தகங்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் ஒரு கோடு போட்டுவைங்கள். காலிக் கட்டத்தைச் சூத்திரம் சரியாக எண்ணாது.